வள்ளம் இறங்காத நாள்

ராஜதாஸ் விடிவதற்கு முன்பே எழுந்தான். கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்பினான். பல் தேய்த்தான். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டான். தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் புறப்பட்டான். முற்றத்தில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையை நிறுத்தி அவனுக்கு வழிவிட்டார்கள்.

சொசைட்டியில் வரிசை இருந்தது. அது தானாக விலகி அவனை முன்னால் விட்டது. அளந்து ஊற்றுகிற பெண் வழக்கம்போல் அரை லிட்டர் ஊற்றினாள். காசு வாங்கவில்லை. அவன் காசைத் திட்டில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

வீட்டில் மாமியார் தங்கபாய் அடுக்களை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாலு என்னத்துக்கு மக்கா?" என்றாள். "அடக்கம் கழியாம அடுப்பு பத்தவைக்கப்பிடாது."

அவன் பாத்திரத்தை மேடையில் வைத்து மூடியை அழுத்தி மூடினான். பூனை வரும்.

அவன் மனைவி பிரேமகுமாரி நெய்யாற்றின்கரையில் பிணவறையில் இருந்தாள். நேற்றுக் காலை பூவாறில் ஆற்றின் நடுவே துளை போடும் மிதவை கவிழ்ந்தது. ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில், மணல்திட்டுக்கு உள்பக்கமாக, அந்தி நேரத்தில் அவளைக் கண்டெடுத்தார்கள். இருபத்தாறு வயது. பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். புதிதாக வரப்போகும் பாலத்துக்காக ஆற்றடி மண்ணைத் துளையிட்டு எடுத்துச் சோதிக்கும் வேலையில் சூப்பர்வைசர். வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்டர் ரெத்தினதாஸ் அவளுடைய தாய்மாமன். தங்கபாய்க்கு ஒரே தம்பி.

சபைச் செயலாளர் சுயம்பு சைக்கிளில் வந்தார். சைக்கிளைத் தென்னையில் சாய்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து மடித்த வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். அடக்க ஆராதனையில் வாசிப்பதற்கு ஜீவிய சரித்திரம் வேண்டும். யார் இறந்தாலும் பெட்டியைப் பீடத்தின் முன்னால் வைத்து அதை வாசிப்பது சபையின் வழக்கம். பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, கல்யாணம், நோய், கடைசி வார்த்தை, கர்த்தருக்குள் நித்திரை. அந்த வரிசை மாறுவதில்லை.

"நீ காலேஜில படிப்பிக்கியவன். வேற ஆரிட்ட சொல்ல?" என்றார். "ஒரு பக்கம் போதும், கேட்டியா. தங்கையனுக்கு அவருக்க மக்க நாலு பக்கம் எழுதி, வாசிச்சு முடிக்கதுக்குள்ள பெட்ரோமாக்ஸ் தேடவேண்டி வந்து."

பந்தல்காரர்களில் ஒருவர் சிரித்தார். சிரித்தபின் ராஜதாஸைப் பார்த்துவிட்டுக் கயிற்றை எடுக்கக் குனிந்தார்.

"நோய்ன்னு எழுதாண்டாம்" என்றார் சுயம்பு. "அந்த எடத்தில மரணம் நேர்ந்த விதம்ன்னு போடு. கடைசி வார்த்தைய மட்டும் விட்டிராத. பெண்ணுங்க அதுக்காக்கும் காத்திருக்கது."

ராஜதாஸ் முன்னறையில் மேசைக்குப் போனான். பாறசாலையில் ஒரு பாரலல் காலேஜில், தனியார் டுடோரியலில், பொருளாதாரம் எடுப்பவன். மேசையில் திருத்தாத விடைத்தாள்கள் கிடந்தன. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுதினான். பிறந்த நாள். ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயர். பள்ளிக்கூடம். பாலிடெக்னிக். கல்யாணம். எல்லாம் சேர்ந்து தாளில் கால்பங்கைக்கூட நிரப்பவில்லை. அதற்கு மேல் அவளைப் பற்றித் தெரிந்ததை எழுத அந்த வரிசையில் இடமில்லை.

'மரணம் நேர்ந்த விதம்' என்று எழுதி நிறுத்தினான். விதம் அவனுக்குத் தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். வள்ளம் இல்லாமல் அவள் வேலை செய்ய மாட்டாள். தண்ணீரின் மேல் துளை போடும்போது பக்கத்தில் ஒரு வள்ளம் துடுப்பு போடுகிற ஆளோடு நிற்க வேண்டும். யாராவது விழுந்தால் தூக்க. அந்த வள்ளம் வராத நாளில் மிதவையில் ஆள் ஏறக் கூடாது. அது அவள் உண்டாக்கிய சட்டம் அல்ல. ஒப்பந்தத்தில் இருந்தது. அதை வாசித்தவள் அவள் மட்டும். இரண்டு தடவை வேலையை நிறுத்தியிருக்கிறாள். இரண்டு தடவையும் ரெத்தினதாஸ் இந்த வீட்டுக்கு வந்து, இதே மேசையில் காப்பியை வைத்துக்கொண்டு சத்தம் போட்டார்.

"விழுந்தா நீந்தி கரையில கேறணும். இதுக்கு ஒரு வள்ளமும் ஒரு ஆளும் நாள் முழுக்க சும்மா நிக்கணுமா?"

"மாமனுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டாள் பிரேமா.

"எனக்கு என்னத்துக்கு? நான் கரையிலயாக்கும் நிக்கது."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

ரெத்தினதாஸ் சிரித்துவிட்டார். அவளிடம் அவர் கடைசியில் சிரித்துவிடுவார். மறுவாரம் நாலு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கிக் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் அவற்றைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்கள் என்று பிரேமா வந்து சொன்னாள்.

ஜீப் ஒன்று நாற்காலிகளோடு வந்து நின்றது. ரெத்தினதாஸ் இறங்கினார். சவரம் செய்யாத முகம். வேட்டியில் ஆற்றுச்சேறு காய்ந்திருந்தது. நேற்று உடுத்திய வேட்டி. நாற்காலிகளை எங்கே போடுவது என்று சொன்னார். பெட்டி எப்போது வரும் என்று சொன்னார். போட்டோ எடுக்கிறவனுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்லியாயிற்று என்றார். பிறகு உள்ளே வந்து ராஜதாஸின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"எழுதியாச்சா மக்கா?"

"விதம் தெரியல்ல."

"கால் வழுக்கினதாக்கும். மழை நனஞ்ச பலகை. பணியில் இருந்தபோது கால் தவறி ஆற்றில் விழுந்து. அப்பிடிப் போடு. நல்ல தமிழ்தானே."

"ஜங்கார் கவுந்ததுன்னு போலீஸ்காரர் சொன்னாரு."

இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த அந்த மிதவையை எல்லாரும் ஜங்கார் என்றுதான் சொன்னார்கள்.

"கவுந்தது பெறவு."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பால வேலை பாக்க வாற இன்ஜினியர கூட்டிட்டு வர போனேன். உனக்குத் தெரியுமே."

"வள்ளம் இல்லாம அவ கேற மாட்டா, மாமா."

"கேறினாளே." ரெத்தினதாஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கேறினதுகொண்டுதானே நாம இப்பிடி நிக்கோம். சூப்பர்வைசர் அவளாக்கும். வேலை வேண்டாம்ன்னு சொல்ல அவளுக்கு அதிகாரம் உண்டு. நேத்து சொல்லல்ல. நான் அவளக் குத்தம் சொல்லல்ல மக்கா. செத்துப்போனவள ஆராவது குத்தம் சொல்லுவானா?"

ராஜதாஸ் பேனாவை மூடினான். அவர் வெளியே போய் நாற்காலிகளை எண்ணத் தொடங்கினார்.

குத்தம் சொல்லவில்லை என்று எல்லாருமே சொன்னார்கள். சொல்லிவிட்டுக் குத்தமும் சொன்னார்கள். காஞ்சிரங்குளத்திலிருந்து வந்திருந்த பிரேமாவின் பெரியம்மை பிரேமகுமாரிக்குப் படிப்பு அதிகம் என்றாள். "எத்தன டீச்சர் ஜோலி உண்டு. பெண்ணு ஆத்துக்கு நடுவில நிக்கா, மாப்பிள கரையில கிளாஸ் எடுக்கான்." அவனுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். கேட்டது. அவன் விடைத்தாள்களை அடுக்கி நூலால் கட்டினான்.

செல்லையன் பத்து மணி வாக்கில் வந்தான். துளை போடுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. நேற்று மிதவையில் அவளோடு கடைசிவரை இருந்தவன். வலது கை, இரண்டு கைகளைச் சேர்த்து வைத்தாற்போலக் கட்டுப் போட்டுப் பருத்திருந்தது. வாசற்படியை விட்டுக் கீழேயே நின்றான். தங்கபாய் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போகாத குறையாக அழைத்துப்போய்ப் பெண்களுக்கு நடுவே நிறுத்தினாள்.

"நீ சொல்லணும் செல்லையா. எனக்க பிள்ள கடைசியா என்ன சொன்னா?"

செல்லையன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"கர்த்தரக் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா அக்கா."

"என்ன சொல்லிக் கூப்பிட்டா?"

"இயேசுவேன்னு."

பெண்கள் அழுதார்கள். காலையிலிருந்து அழுததுபோல் இல்லை. கொஞ்சம் இளகிய அழுகை. தங்கபாய் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். சுயம்பு ஜன்னல் வழியே ராஜதாஸுக்குக் கையைக் காட்டினார். எழுதிக்கொள் என்று.

ராஜதாஸ் எழுதவில்லை. செல்லையன் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை என்பதைக் கவனித்திருந்தான். பிரேமா ஜெபிக்கிறவள்தான். ஆனால் உயிர் ஊசலாடுகிற இடத்தில் வேலையை விட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறவள் அல்ல. அவன் எழுந்து வெளியே வருவதற்குள் செல்லையன் கொல்லைப்பக்கமாகப் போய்விட்டான்.

பூவாறிலிருந்து ஆட்கள் வந்தது அப்போதுதான். இருபது பேர் இருக்கும். பந்தலுக்குள் நாற்காலி காலியாக இருந்தும் ரோட்டோரத்திலேயே நின்றார்கள். கடற்கரைக்காரர்கள், வேறு சபை. நேற்றுக் கரையில் நின்றே வலை வீசி ஆற்றில் அவளைத் தேடியவர்கள் அவர்கள்தான். அவர்களில் மூத்தவர் யேசுவடியான் முன்னால் வந்தார். மிதவைக்குப் பக்கத்தில் தன் வள்ளத்தோடு நின்றவர் அவர். பிரேமாவின் வாயால் ராஜதாஸ் பலதடவை கேட்ட பெயர். யேசுவடியான் அண்ணன் வந்தாச்சு, இனி வேலை நடக்கும் என்பாள்.

யேசுவடியான் அவன் கையைப் பிடித்தார். விடவில்லை.

"உங்க வள்ளம் நேத்து எங்க போச்சு?" என்று கேட்டான் ராஜதாஸ். நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

"கரையில கெடந்து மோனே."

"ஏன்?"

"எங்க கரையில ஒரு சாவு. எனக்க சித்தப்பனுக்க மவன். அடக்கம் கழியாம கரையில ஒருத்தனும் வள்ளம் எறக்க மாட்டோம். கடலில எறக்க மாட்டோம், ஆத்திலயும் எறக்க மாட்டோம். அது அப்பிடியாக்கும்."

"அத அவளுக்குச் சொல்லல்லியா?"

"அந்தப் பிள்ளைய நான் பாக்கல்ல. முந்தாநாள் சாயங்காலமே முதலாளியிட்ட நேரில போய்ச் சொன்னேன். நாளைக்கு வள்ளம் இல்ல, ஆளயும் கேத்தாண்டாம், மலையில மழை உண்டுன்னு சொன்னேன். செரி செரின்னாரு." அவர் மற்ற கையாலும் ராஜதாஸின் கையைப் பொத்திக்கொண்டார். "அந்தப் பிள்ளைக்கு வேண்டி இன்னைக்கும் ஒருத்தரும் எறக்கல்ல, மோனே."

அவன் அவர்களைப் பார்த்தான். இருபது பேர், வேலைநாளில், துவைத்த சட்டை போட்டு ரோட்டோரம். கோபப்பட ஓர் ஆளாவது கிடைப்பார் என்று நினைத்திருந்தான். அந்தக் கையிலிருந்து தன் கையை உருவிக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ரெத்தினதாஸ் பந்தலின் பின்பக்கம் காலி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வள்ளம் வராதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றான்.

அவர் மறுக்கவில்லை. "ஒருநாள் மக்கா. ஒரே ஒருநாள். இன்ஜினியர் உச்சைக்கு வாறாருன்னு சொல்லியிருந்தாங்க. ஜங்கார்ல எஞ்சின் ஓடாம கெடந்தா மனுஷன் அப்பிடியே திரும்பிப் போவாரு. ஆறு கண்ணாடிபோல கெடந்து. அக்கரைக்கு ஆள் ஏத்துத கடத்துவள்ளத்துக்காரன் வேற கரை. அவனிட்ட சொல்லி ஆளக் கொண்டு விடச் சொன்னேன்."

"அவளுக்கு?"

"அவளுக்கிட்டச் சொன்னா விடுவாளா?" என்றார். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல் நிறுத்தினார். "நான் அவளப் போவச் சொல்லல்ல. சத்தியமாட்டு. அவ கரையில நிக்கட்டுமேன்னு... நான் அவளப் போவச் சொல்லவே இல்ல."

"தெரியும்" என்றான் ராஜதாஸ்.

அவர் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை உண்மையானது. அதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. இறக்கினார்கள். பெண்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்கள். கல்யாணப் பட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கதவைத் திறந்து கேட்டார்கள். எடுத்துக்கொடுத்தான். எண்ணெய் கேட்டார்கள். கொடுத்தான். மறுபடியும் திறந்து மண்ணெண்ணெய் கேட்டார்கள்.

"மண்ணெண்ணெய் என்னத்துக்கு?"

"நெகத்தில கிரீஸ் இருக்கு. போவமாட்டேங்குது."

"இருக்கட்டும்."

"போட்டோ எடுப்பாங்கல்லா. கறுப்பாத் தெரியும்."

"இருக்கட்டும்ன்னு சொன்னேன்."

பெரியம்மை கதவைச் சாத்தினாள்.

சுயம்பு தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். விதம் எழுதவேண்டிய இடமும் கடைசி வார்த்தையின் இடமும் காலியாக இருந்தன. "அத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சபைக்கு நடந்தபோது அவர் பக்கத்தில் வந்து, சுத்தமாகப் பிரதி எடுத்த தாளைக் காட்டினார். அழகான கையெழுத்து. 'பணியில் இருந்தபோது கால் தவறி ஆற்றில் விழுந்து.' அதற்குக் கீழே, 'இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும் என்று கூறி.' செல்லையன் ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தான். மீதியைச் சுயம்பு பழைய சரித்திரங்களிலிருந்து சேர்த்திருந்தார்.

"இது ஆரு சொல்லி எழுதினது?"

"தங்கபாயி."

தங்கபாய் பெட்டிக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தாங்க நடந்துவந்தாள். அவன் அவளருகே போனான். அவள் அவன் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"எனக்க தம்பியாக்கும் மோனே. இவளத் தோளில வச்சு வளத்தவன். இனி எனக்கு ஆரு உண்டு?"

"மாமி, கால் தவறின்னா அவ கவனமில்லாதவள்ன்னு அர்த்தம்."

"அவ போயாச்சு. அவளுக்கு இனி என்ன?" மூச்சு வாங்கினாள். "அவன் இங்க இருந்து முகத்தக் காட்டண்டாமா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. காலையிலிருந்து யார் சொன்னதிலும் தப்பு இல்லை. எல்லார் சொன்னதையும் கூட்டிப் பார்த்தால் பிரேமா கால் வழுக்கிச் செத்துப்போயிருந்தாள்.

சபை வாசலில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். போதகர் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருந்தது. செல்லையன் மதிலோரம் ஒதுங்கி நின்றான். ராஜதாஸ் நேராக அவனிடம் போனான்.

"காலம்பற சொன்னது வேண்டாம். நடந்தத சொல்லுங்க."

"சாரே, அந்த அம்மைக்கு வேண்டி..."

"எனக்கு வேண்டி சொல்லுங்க."

செல்லையன் சுற்றிலும் பார்த்தான். பிறகு வேகமாகச் சொன்னான், எங்கேயாவது இறக்கிவைக்கக் காத்திருந்தவன்போல.

"நாங்க மூணுபேரும் ஜங்கார்ல இருந்தோம். பிரேமா பிள்ள பஸ்ஸில வந்து எறங்கி, வள்ளம் இல்லன்னு கண்டதும் கரையில நின்னு கைய வீசினா. நிறுத்துன்னு. நான் கண்டேன் சாரே. முதலாளி சொன்னதுகொண்டு நிறுத்தல்ல. அப்பம் கடத்துவள்ளத்தில கேறி வந்தா. வந்ததும் எஞ்சின அணச்சா. ஒண்ணும் திட்டல்ல. அந்த வள்ளத்தில ரெண்டுபேருதான் கேறலாம். எனக்கூட நின்னவனுவ ரெண்டுபேரையும் மொதல்ல அனுப்பினா. நாங்க அடுத்த தடவைக்குப் போவணும்."

"பெறவு?"

"பொழிமுகத்து மணல்திட்டு பொட்டிற்று. ராத்திரி மலையில பெய்த வெள்ளம், மண்ண அறுத்துக்கிட்டு கடலில எறங்கத் தொடங்கிற்று. ஆறு சடார்ன்னு தாழுது. ஜங்கார் ஆடாம இருக்க நாங்க அத கேஸிங் பைப்போட சேத்து கெட்டி வச்சிருந்தோம்."

அந்தக் குழாய் ஆற்றடி மண்ணில் இறக்கியது, அசையாது. மிதவை தண்ணீரோடு ஏறி இறங்க வேண்டும், குழாயில் கட்டக் கூடாது என்று பிரேமா அடிக்கடி சொல்வது ராஜதாஸுக்குத் தெரியும்.

"முன்ன ஒருக்க அவ கண்டு அந்தக் கெட்ட அறுத்துப் போட்டவளாக்கும். நேத்து அவ இல்லன்னு மறுபடியும் கெட்டினோம். வெள்ளம் தாழ்ந்தப்போ கெட்டின பக்கம் தொங்குது, மறுபக்க வள்ளம் முங்குது. அவ கத்திய எடுத்து கயிற அறுக்கத் தொடங்கினா. நான் பைப்ப வின்ச்சில போட்டுத் தூக்கப் பாத்தேன். புதுப் பைப்பு. போனா முதலாளி..." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "வின்ச்சுக் கம்பியாக்கும் இது."

"அவ ஜாக்கெட் போட்டிருந்தாளா?"

"போட்டிருந்தா. அதில வாறு இல்ல. ஆரோ அறுத்தெடுத்து எஞ்சினுக்கு மேல தார்ப்பாய் கெட்டியிருக்கானுவ. ஷாலச் சுத்தி முடிச்சுப் போட்டிருந்தா. கவுந்தப்பம் நான் நங்கூரக் கயிறப் பிடிச்சேன். ஜாக்கெட் மட்டும் மேல வந்தது. கடத்துக்காரன் திரும்பி வரதுக்குள்ள..."

மணி அடித்தது. ஆட்கள் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்கள்.

"கடைசியா அவ என்ன சொன்னா?"

"எனக்கிட்டயாக்கும் சொன்னது. அதச் சபையில சொல்லமுடியாது சாரே."

"சொல்லுங்க."

செல்லையன் சொன்னான். ராஜதாஸ் இன்னொருமுறை சொல்லச் சொன்னான். அதே வார்த்தைகளை, அதே வரிசையில், செல்லையன் மறுபடியும் சொன்னான்.

உள்ளே பெட்டியைப் பீடத்தின் முன்னால் வைத்தார்கள். பாட்டு பாடினார்கள். ஜெபித்தார்கள். ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் ரெத்தினதாஸ் ராஜதாஸுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார். கடற்கரைக்காரர்கள் உள்ளே வந்து பின்சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

போதகர் சுயம்புவைப் பார்த்துத் தலையசைத்தார். சுயம்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளோடு எழுந்தார். ராஜதாஸும் எழுந்தான். நடந்துபோய்க் கையை நீட்டினான்.

"நான் வாசிக்கேன்."

வழக்கம் அதுவல்ல. சுயம்பு போதகரைப் பார்த்தார். போதகர் ராஜதாஸின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அவன் வாசித்தான். வகுப்பெடுக்கிற குரல், ஏற்ற இறக்கம் இல்லாதது. பிறப்பு. ஞானஸ்நானம். பள்ளிக்கூடம். பாலிடெக்னிக். கல்யாணம். மின்விசிறி தாளைத் தூக்கியது. பிடித்துக்கொண்டான். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"நேற்று பூவாறில் காவல் வள்ளம் இல்லை" என்றான். "வள்ளம் இல்லாத நாளில் ஆற்றில் வேலை நடக்கக் கூடாது. நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்காகப் பிரேமகுமாரி மிதவைக்குப் போனாள். இரண்டு பேரைக் கரைக்கு அனுப்பினாள். மூன்றாவது ஆளை அனுப்புவதற்குள் மிதவை கவிழ்ந்தது. அவள் கால் தவறவில்லை."

யாரோ ஒரு குழந்தையை வெளியே எடுத்துக்கொண்டு போனார்கள். ரெத்தினதாஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் தங்கபாய் முக்காட்டை விலக்கித் தலையைத் தூக்கினாள். மற்றப் பெண்களும் தூக்கினார்கள். அடுத்து வருவது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். காத்திருந்தார்கள்.

ராஜதாஸ் பெண்கள் பக்கம் திரும்பினான்.

"கடைசியாக அவள் சொன்னது" என்றான்.

"பைப்பு போவட்டு செல்லையண்ணா. மாமன் வேற வாங்கும். கைய எடுங்க."